அதிகாலை நாலரை மணி ஆட்டம்: மனைவியை இழந்த ஒருவரின் ஓராண்டு

இது யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைப் பணியின்போது பதிவான ஒரு நிகழ்வு. உரியவர்களின் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

அவருக்கு அப்போது 71 வயது. கூட்டுறவுத் துறையில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கணித ஆசிரியை. ஒழுங்கை முழுவதற்கும் அவர் "ரீச்சர்". ஒரே மகள் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் குடும்பத்துடன் வசிக்கிறார். 2022இன் தொடக்கத்தில் கணவனும் மனைவியும் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் அங்கே சென்று, பேரனைப் பார்த்துக்கொண்டு, 2024 நடுப்பகுதியில் ஊர் திரும்பினார்கள்.

கனடாவிலிருந்து ரீச்சர் கொண்டுவந்தது பேஸ்போல் பைத்தியம். பள்ளிவிட்டு வரும் பேரனுக்குத் துணையாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவர், சில வாரங்களில் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணியின் ஆட்டங்களைத் தவறவிடாதவராக ஆகிவிட்டார். வெறுமனே பார்ப்பதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் ஆட்டத்தையும் கோடிட்ட கொப்பியில் பதிவு செய்தார். பேஸ்போலில் அதற்கென ஒரு குறிப்பு முறை உண்டு. பந்து வீசுபவர் 1, பிடிப்பவர் 2 என்று களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் இலக்கம் இருக்கிறது. பந்து 6ஆம் இலக்கக்காரரிடமிருந்து 4க்கும், அங்கிருந்து 3க்கும் போய் இருவர் ஆட்டமிழந்தால் 6-4-3 என்று எழுதினால் போதும். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டத்தைப் பார்ப்பவருக்கும் நடந்தது விளங்கும். கணித ஆசிரியை ஒருவருக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. எழுதக் கற்றுக்கொண்டதோடு பேரனுக்கும் அவர் கற்றுக்கொடுத்தார்.

ஊர் திரும்பிய பிறகும் பழக்கம் விடவில்லை. ரொறன்ரோவில் இரவு 7.07க்குத் தொடங்கும் ஆட்டம் யாழ்ப்பாணத்தில் மறுநாள் அதிகாலை 4.37. ரீச்சர் நாலு மணிக்கு எழுந்து தேநீர் வைப்பார், கணவரை எழுப்புவார், மகள் கட்டணம் செலுத்திய இணைய ஒளிபரப்பைத் திறப்பார். கணவர் பார்ப்பார், ரீச்சர் எழுதுவார். 2024இல் புளூ ஜேஸ் 88 ஆட்டங்களில் தோற்று, தன் பிரிவில் கடைசி இடத்துக்குப் போன அணி. அந்தத் தோல்விகளையும் ரீச்சர் விடாமல் எழுதினார்.

2025 மாசியில் ரீச்சர் பக்கவாதத்தால் இறந்தார். மகள் மட்டும் வந்து, அந்தியேட்டி முடியும்வரை நின்று, கீரிமலையில் அஸ்தி கரைத்த பின் திரும்பினார். பேரன் வரவில்லை. கல்வெட்டு எனப்படும் நினைவு மலரை அச்சிட்டு, முப்பத்தோராம் நாள் சாப்பாடும் கொடுத்து, உறவினர்கள் கலைந்த அதே வாரத்தில் புதிய பேஸ்போல் பருவம் தொடங்கியது.

முதற் சந்திப்புகளில் கண்டவை

சித்திரையில் அவருடைய தங்கை என்னிடம் வந்தார். அண்ணன் காலையில் சாப்பிடுவதில்லை, பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுவதில்லை, மூன்றரைக்கே எழுந்து விளக்கைப் போடாமல் பின் விறாந்தையில் உட்கார்ந்திருக்கிறார் என்றார். அவர் சொன்ன இன்னொன்றில் கவலையைவிடக் கோபமே கூடுதலாக இருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் வந்து பார்த்தபோது அண்ணன் கைக்கணினியில் விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "பெண்சாதி செத்து ஆண்டு திரும்பவில்லை. சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டார்.

அவரைச் சந்தித்தபோது அவர் பேச விரும்பவில்லை. கேள்விகளுக்கு மரியாதையாகப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எடை குறைந்திருந்தது. மதுப் பழக்கம் இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்டேன். "அவளோடு போயிருந்தால் நல்லது என்று நினைப்பேன், தம்பி. நானாக ஒன்றும் செய்யமாட்டேன்" என்றார். அந்தப் பதிலை நம்பிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதால் உளமருத்துவக் கிளினிக்குக்கு அனுப்பினேன். மருத்துவர் பார்த்து, மருந்து எதுவும் தொடங்காமல் மாதந்தோறும் கவனிக்கச் சொன்னார்.

அது இரண்டாவது மாதம். நீடித்த துயர்க் கோளாறு என்று சொல்வதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதங்களையும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூல் வளர்ந்தோருக்குப் பன்னிரண்டு மாதங்களையும் எல்லையாக வைக்கின்றன. 44 ஆண்டுகள் கூடவே இருந்தவர் போய் இரண்டு மாதத்தில் ஒருவர் சாப்பிடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தால் அதற்கு நோய்ப் பெயர் தேவையில்லை. ஆனால் மனைவி இறந்த முதல் மாதங்களில் கணவருடைய உடல்நலமும் சரிவதுண்டு. அதனால் குளிசையும் காலைச் சாப்பாடும் எனக்கு உடனடிக் கவலைகளாக இருந்தன.

விளையாட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் முழு வாக்கியங்களில் பேசத் தொடங்கினார். பார்க்கிறார், ஆனால் எழுத முடியவில்லை. ரீச்சரின் கொப்பியைத் திறந்தால் கட்டங்களும் இலக்கங்களும் தெரிகின்றன, பொருள் தெரியவில்லை. இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் அவளிடம் கேட்டு வைக்கவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அதிகாலை விழிப்பைச் சிகிச்சைக்குரிய தூக்கமின்மையாக எடுத்துக்கொள்ளாமல் விடுவது. ரீச்சர் இருந்தபோதும் அவர் நாலு மணிக்கு எழுந்தவர்தான். அந்த நேரத்தை அழிப்பதைவிட அதில் ஏதாவது நடக்கச் செய்வது மேல். ஓர் எல்லை மட்டும் வைத்தோம். ரொறன்ரோவில் பகலில் நடக்கும் ஆட்டங்கள் இங்கே நள்ளிரவில் வரும். அவற்றை அவர் பார்ப்பதில்லை, முடிவை மட்டும் காலையில் அறிந்துகொள்வார். பேஸ்போல் ஆட்டம் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ். அதிகாலை ஆட்டத்தில் ஐந்தாவது முடிந்ததும் சாப்பாடும் குளிசையும். இதை அவரே முன்வைத்தார். கணக்காளர் அல்லவா, ஒழுங்கு என்றால் அவருக்குப் பிடிக்கும்.

இரண்டாவது, கொப்பிகள் தொடர்பானது. மகள் அவற்றை நினைவுப் பொருளாகக் கனடாவுக்கு அனுப்பச் சொன்னார். தங்கை, ரீச்சரின் சேலைகளோடு அலுமாரியில் பூட்டிவைக்கச் சொன்னார். இரண்டும் அன்பினால் சொன்னவைதான். ஆண்டுத் திவசம் வரை எதையும் அசைக்க வேண்டாம் என்று இருவரிடமும் கேட்டுக்கொண்டேன்.

இறந்தவரை மறந்து முன்னே போவதுதான் துயரிலிருந்து மீளும் வழி என்ற பழைய எண்ணத்தை டெனிஸ் கிளாஸ், பில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகிய ஆய்வாளர்கள் 1996இல் கேள்விக்கு உட்படுத்தினார்கள். உறவு முறிவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது என்பது அவர்கள் வாதம். திவசமும் ஆடி அமாவாசையும் உள்ள ஊருக்கு இது புதுச் செய்தி அல்ல. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் சொன்னது எனக்கு இந்த நிகழ்வில் இன்னும் நேரடியாக உதவியது. துயருற்றவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறிப் போய்வருவது இயல்பு, அந்த ஊசலாட்டமே தேவை என்பது அவர்களின் கருத்து. இவருக்கோ இரண்டும் ஒரே கொப்பியில் கிடந்தன. புதிய ஆட்டத்தை எழுத வேண்டுமானால் ரீச்சரின் பழைய பக்கங்களைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது முடிவே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக அமைந்தது. அந்தக் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்த இன்னொருவர் குடும்பத்தில் இருந்தார்: பன்னிரண்டு வயதுப் பேரன். மகளிடம் பேசி, பள்ளி நாட்களில் ஆட்டம் தொடங்கியதிலிருந்து இரவு ஒன்பது மணிவரை அவன் தாத்தாவோடு வட்ஸ்அப்பில் இருக்கலாம் என்று ஒழுங்கு செய்தோம். பிறகு அவன் தூங்கப் போவான். மிச்ச இன்னிங்ஸைத் தாத்தா தனியே எழுதிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அவன் காலையில் எழுந்து பிழை பார்ப்பான்.

தங்கையைச் சமாதானப்படுத்துவதுதான் கடினமாக இருந்தது. அவர் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. துடக்கும் விலக்கும் இருப்பதால்தான் நம் ஊரில் செத்தவீட்டைச் சுற்றி முப்பத்தொரு நாள் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நாட்கள் முடிந்த பிறகு என்ன என்பதற்குத்தான் வழக்கத்தில் அதிகம் இல்லை. ரீச்சரின் படமும் விளக்கும் இருக்கும் முன்னறையில் ஒளிபரப்பு வேண்டாம், பின் விறாந்தையில் காதொலிப்பானுடன் பார்ப்பது என்று முடிவானது. தங்கை அதற்கு உடன்பட்டார். மகிழ்ச்சியோடு அல்ல.

வைகாசி முதல் புரட்டாதி வரை

முதல் வாரங்களின் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். முழுக்க அழித்தெழுதியவை. பேரனின் தமிழ் அரைகுறை, தாத்தாவின் ஆங்கிலம் அலுவலகக் கடிதங்களுக்கு உரியது. அதற்கு முந்தைய அழைப்புகள் "சாப்பிட்டாயா", "பள்ளி எப்படி" என்பதோடு முடிந்துவிடும் என்று மகள் சொன்னார். இப்போது ஒரு பந்து 4க்குப் போனதா 6க்குப் போனதா என்று ஒன்றரை மணிநேரம் வாதாடினார்கள். இடையிடையே "அம்மம்மா இதை இப்படித்தான் எழுதுவார்" என்று பேரன் சொல்வான். அவரைப் பற்றிப் பேசுவதற்காக யாரும் உட்காரவில்லை. பேச்சு தானாக வந்தது. துக்கம் விசாரிக்க வருபவர்களிடம் வாய் திறக்காதவர் அந்த விறாந்தையில் ரீச்சரைப் பற்றி இயல்பாகப் பேசினார்.

இந்த விளையாட்டின் இயல்பும் இதற்கு உதவியது என்று கருதுகிறேன். வடக்கின் பெருஞ்சமர் என்ற கிரிக்கெட் போட்டி போல ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரளும் ஆட்டமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பேஸ்போல் பருவம் ஒன்றில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். ஆறு மாதம் ஏறக்குறைய தினமும் ஆட்டம். அந்த ஆண்டு தன் பிரிவில் முதலிடம் பெற்ற புளூ ஜேஸே 94 வென்று 68 தோற்றது. இன்று தோற்றால் நாளை மறுபடி நாலரைக்கு ஆட்டம். காலையில் எழுவதற்குக் காரணம் இல்லாத ஒருவருக்கு அது பெரிதாகக் கொண்டாடவோ துக்கப்படவோ தேவையில்லாத ஒரு கடமையாக இருந்தது.

ஆனியில் பக்கத்து ஒழுங்கையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் சேர்ந்துகொண்டார். அவரும் மனைவியை இழந்தவர், பல ஆண்டுகளுக்கு முன். பாடசாலையில் எல்லே அணியைப் பழக்கியவர் என்பதால், மூங்கில் தடியால் அடித்துவிட்டுத் தரிப்பிடங்களைச் சுற்றி ஓடும் விளையாட்டை அறிந்தவருக்குப் பேஸ்போல் அரை மணிநேரத்தில் பிடிபட்டுவிட்டது. ஓடுபவரைப் பந்தால் எறிந்து ஆட்டமிழக்கச் செய்ய முடியாது என்பதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மாஸ்டர் வந்ததிலிருந்து காலைச் சாப்பாடு இருவருக்கானதாயிற்று. இடியப்பமும் சொதியும் தங்கை வீட்டிலிருந்து வந்தன. தங்கை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சறுக்கலும் இருந்தது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அயல் முழுவதும் கோயிலுக்குப் போய்விடும். ஆண்டு திரும்பும்வரை திருவிழாவுக்குப் போவதில்லை என்ற வழக்கை அவர் கடைப்பிடித்தார். அதே நாட்களில் பேரன் கோடைக்கால முகாமுக்குப் போயிருந்தான். மாஸ்டரும் வரவில்லை, அவர் தேருக்குப் போகிறவர். கொப்பியில் அந்த நாட்களின் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. குளிசை அட்டையிலும் அப்படியே. தனியாகப் பார்க்கும்போது அந்த ஆட்டம் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது அப்போது தெளிவாயிற்று.

ஐப்பசி

2025 தீபாவளி ஒக்டோபர் 20. அந்த வீட்டில் கொண்டாட்டம் இல்லை. மறுநாள் காலை புளூ ஜேஸ், சியாற்றில் மரினேர்ஸ் அணிகளுக்கிடையே அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது, முடிவான ஆட்டம். வெல்பவர் உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்றுக்குப் போவார். ஏழாம் இன்னிங்ஸில் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் பந்தைக் களத்துக்கு வெளியே அனுப்பி அடித்த ஹோம் ரன் மூன்று ஓட்டங்களைக் கொடுத்தது; 4-3 என்று வென்றார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் அலுமாரியைத் திறந்து ரீச்சரின் முதல் கொப்பியை எடுத்தார். 2022 ஒக்டோபரில் இதே சியாற்றிலிடம் 8-1 என்று முன்னிலையில் இருந்து 10-9 என்று தோற்ற ஆட்டம் அதில் இருந்தது. கடைசிக் கட்டங்களில் ரீச்சர் பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. அந்தப் பக்கத்தை அவர் மாஸ்டருக்குக் கட்டம் கட்டமாக வாசித்துக் காட்டினார். அதாவது, அப்போது அவருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது.

உலகத் தொடரில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுடன் நடந்த மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் நீண்டது. அதிகாலை தொடங்கியது இங்கே நண்பகல் தாண்டித்தான் முடிந்தது. அன்று மத்தியானச் சாப்பாட்டை விறாந்தைக்குக் கொண்டுவந்த தங்கையும் கடைசி இன்னிங்ஸைப் பார்த்துவிட்டே போனாராம்.

ஒக்டோபர் 30 காலை ஐந்தாவது ஆட்டத்தில் புளூ ஜேஸ் 6-1 என்று வென்றது. அன்று மாலை நான் போயிருந்தேன். அவர் வெற்றியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போய், இடையில் நிறுத்தி, இன்று என்ன நாள் தெரியுமா என்று கேட்டார். 1995ஆம் ஆண்டு அதே நாள் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் இடம்பெயர்ந்தது. முப்பது ஆண்டு. இலட்சக்கணக்கான சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த இரவில், ஏழு வயது மகளைச் சைக்கிள் பாரில் வைத்து அவர் உருட்ட, ரீச்சர் பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பிள்ளை அழக்கூடாது என்பதற்காக அந்த வழி முழுவதும் ரீச்சர் அவளுக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்தாராம். பதினாறாம் வாய்பாடுவரை போனதாக அவர் சொன்னார். சொல்லிவிட்டு நீண்ட நேரம் அழுதார். இறப்புக்குப் பின் என் முன்னால் அவர் அழுதது அதுவே முதல் தடவை. நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

ஏழாவது ஆட்டம் நவம்பர் 2 காலை. ஒன்பதாம் இன்னிங்ஸில் இன்னும் இருவரை ஆட்டமிழக்கச் செய்தால் கிண்ணம் என்ற நிலையிலிருந்து, 11 இன்னிங்ஸில் 5-4 என்று புளூ ஜேஸ் தோற்றது. ரொறன்ரோவில் நள்ளிரவு தாண்டிவிட்டது. பேரன் அழத் தொடங்கினான், நிறுத்தவில்லை. சிறிது நேரத்தில் அழுகை ஆட்டத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. அம்மம்மாவுக்கு இதைச் சொல்ல முடியாது என்றான், தன்னை ஏன் செத்தவீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை என்றான். அவன் அம்மம்மாவுக்காக அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று மகள் பின்னர் எனக்குச் சொன்னார். தாத்தா அழைப்பைத் துண்டிக்காமல், அந்தியேட்டி அன்று கீரிமலையில் என்ன நடந்தது, யார் யார் வந்தார்கள், எந்தச் சேலை உடுத்தி அனுப்பினோம் என்று அவனுக்கு ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். எட்டு மாதமாக அந்தப் பிள்ளையிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆட்டம் இல்லாத மாதங்கள்

நவம்பரிலிருந்து மார்ச் இறுதிவரை பேஸ்போல் இல்லை. நல்லூர் நாட்களின் வெற்றுப் பக்கங்களைப் பார்த்த பிறகு இதற்கு முன்கூட்டியே ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஆட்டம் ஒன்றின் பதிவைப் பேரனும் தாத்தாவும் பார்த்து எழுதுவது என்று புரட்டாதியிலேயே பேசி வைத்தோம். பேரன் தேர்ந்தெடுத்தது 1993 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். ஜோ கார்ட்டரின் ஹோம் ரன்னோடு புளூ ஜேஸ் இரண்டாவது முறை கிண்ணம் வென்றது. அந்த நாளில் நீங்கள் இதைப் பார்க்கவில்லையா என்று அவன் கேட்டிருக்கிறான். 1993இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் உன் அம்மம்மா விடைத்தாள் திருத்துவார் என்று தாத்தா சொல்ல, அன்று ஆட்டம் பாதியில் நின்று விளக்குக் கதை ஓடியது.

ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் என்பது ஒரு நாள்தான். நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, இணைப்பும் தடைப்பட்டபோது அவர் மறுபடி இருட்டு விறாந்தைக்குப் போனார். மார்கழியில் எடை குறைந்தது. இரத்த அழுத்தம் கூடியது. கிளினிக்கில் மருந்தை மாற்றினார்கள். மாஸ்டர் நாலரைக்கே வந்து, ஆட்டம் இல்லாவிட்டாலும் தேநீர் குடித்துவிட்டுப் போவதை வழக்கமாக்கினார். இந்த மாதங்களைத் தாண்ட உதவியது அதுவே. என் திட்டத்தில் அது இருக்கவில்லை.

மாசியில் ஆண்டுத் திவசம் நடந்தது. மகளோடு பேரனும் வந்தான். மார்ச் இறுதியில் புதிய பருவம் தொடங்கியபோது அவர் புதிய கொப்பி வாங்கினார். ரீச்சரின் கொப்பிகளில் ஒன்று பேரனோடு கனடா போயிற்று. மற்றவை இங்கே இருக்கின்றன.

மாற்றிச் செய்யக்கூடியவை

எங்கள் முதற் சந்திப்புப் படிவம் நோய், மருந்து, வருமானம், பிள்ளைகள் எங்கே என்றெல்லாம் கேட்கிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து என்ன செய்வீர்கள் என்று கேட்பதில்லை. இனி நான் கேட்பேன். பதில் பேஸ்போலாக இருக்க வேண்டியதில்லை. பூக்கன்று, வானொலி நாடகம், வெற்றிலை எதுவாகவும் இருக்கலாம். அதோடு, அதை அறிந்த வேறு யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளைத் துயருற்றவர்களாகக் கணக்கில் எடுப்பது அடுத்தது. இந்தச் சிறுவனை நாங்கள் தாத்தாவுக்கு உதவும் ஆளாகவே வைத்திருந்தோம். இப்படியான ஏற்பாடு தொடங்கும்போதே பிள்ளைக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது, அவன் என்ன பார்த்தான் என்பதைப் பெற்றோரிடம் கேட்டு வைப்பது நல்லது.

இந்த நிகழ்வை அப்படியே வேறொருவருக்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இவர் ஆண், ஓய்வூதியம் உள்ளவர், கட்டணம் செலுத்தக்கூடிய மகள் உள்ளவர். தங்கைக்கு வந்த கோபம் சில மாதத்தில் இடியப்பமாக மாறியது. கணவரை இழந்த ஒரு பெண் ஆண்டு திரும்புமுன் விடியற்காலையில் விளையாட்டுப் பார்த்திருந்தால், அதுவும் பக்கத்து ஒழுங்கை ஆண் ஒருவர் தினமும் வந்து கூட இருந்து பார்த்திருந்தால், எங்கள் ஊர் அதை எப்படி எடுத்திருக்கும் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். போரில் கணவரை இழந்த பெண்கள் இத்தனை பேர் உள்ள இடத்தில் அவர்களுக்கான வழி இந்தப் பதிவில் இல்லை.

சந்திப்புகள் இப்போது மாதம் ஒருமுறையாகக் குறைக்கப்பட்டுள்ளன. கிளினிக் தொடர்கிறது. அவரை நிரந்தரமாகக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள மகள் விரும்புகிறார். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.